நகைக்கடையில் சர்க்கரையை நிறுத்திய நாள்

சுகாதாரப் பணியாளர்களுக்கான உங்கள் பயிற்சிக் கையேட்டை அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மக்களிடம் நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு எழுபத்தெட்டுப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். மக்கள் சொல்வதை நாம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரையிலும் பாதியை ஒரு படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. படத்தில் ஒரு பெண் மரத்தடியில் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். எதற்குத் தலையாட்டுகிறாள் என்று குறிப்பு இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறைகள் இன்னும் பதினேழு இருக்கின்றன, அவற்றைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஓர் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். முப்பத்தொரு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். நன்றாக நடந்ததை எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆகவே நான் செய்த தவறுகளில் பெரியதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சர்க்கரை வியாதி வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிகள் இருந்தன. வரப்போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, வராமல் தடுக்க வேண்டும் என்று எங்கள் டாக்டரம்மா ஒருவர் பிடிவாதமாக இருந்தார். அவரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். தியாகராய நகரில் கடைத்தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தெருவில் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று பன்னிரண்டு பெரிய கடைகள். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள், கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர்கள், கடை மெஸ்ஸில் சோறு தின்பவர்கள் என எல்லா வகையும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள்.

கிடைத்தார்களே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை. "வியாதி வந்தாச்சின்னா சொல்லுங்க, வாரோம். வராத வியாதிக்கு வைத்தியமா? மழை வரும்னு இன்னைக்கே குடையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரிலா இருக்கு" என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் சொன்னார். அவர் கடையில் குடையும் விற்றார்.

ஒத்துக்கொண்ட ஒரே முதலாளி, தெருவின் நடுவில் இருந்த நகைக்கடை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய அண்ணன் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்து, முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று இழந்து, ஒன்றரை வருஷம் கட்டிலில் கிடந்து இறந்துபோனார். ஆகவே அண்ணாச்சிக்கு நாங்கள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு வராம நிப்பாட்ட முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஆனி மாதத்தில் அவரைச் சோதித்தோம். வியாதி இல்லை, ஆனால் விளிம்பில் நின்றார். அந்தக் காலத்தில் நாங்கள் அதை 'பார்டர்' என்போம். "ஒரு வருஷம் கவனமா இருந்தா இந்தப் பக்கமே நின்னுடலாம். விட்டா, அந்தப் பக்கம் போயிடுவீங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத்தில் பெரிய ஆள். அவருக்குப் பலன் தெரிந்தால் மற்ற பதினோரு முதலாளிகளும் தங்கள் ஆட்களைச் சோதனைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அவர் அந்தப் பக்கம் போய்விட்டால் தெருவும் போய்விடும். அவரைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது.

ஆடி மாதம் சோதித்தோம். நன்றாக இறங்கியிருந்தது. நான் சொன்ன நடையும் உணவுமே காரணம் என்று அறிக்கையில் நான்கு பக்கம் எழுதினேன். ஆவணியில் மறுபடி சோதித்தோம். ஆனியில் இருந்ததைவிட மேலே ஏறியிருந்தது.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டில் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். கடைக்குப் பின்தெருவிலேயே அவர் வீடு. அவர் கடையில் இருந்த நேரமாகப் பார்த்துப் போய், அவர் மனைவியிடம் சர்க்கரை டப்பாவைக் காட்டச் சொன்னேன். இதை நீங்கள் யாரும் செய்யாதீர்கள்.

அந்த அம்மாள் உள்ளே போய், டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"சீனி வாங்கி ரெண்டு மாசமாச்சி. எனக்கும் கிடையாது, பிள்ளைகளுக்கும் கிடையாது. இந்த வீட்டுல எறும்பே வாரதில்ல. இன்னும் எதைப் பாக்கணும்? பருப்பு டப்பாவையும் கவுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். வாசலில் நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும் வரை அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வீட்டில் இல்லையென்றால் கடையில். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நகைக்கடையில் ஒரு மூலை ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். இரவு கடை அடைக்கும் வரை எண்ணுவது என்று தீர்மானம். எண்ணுவது எனக்குச் சிரமமே இல்லை. எண்ணாமல் இருப்பதுதான் சிரமம்.

பத்தரைக்கு முதல் கல்யாணக் கூட்டம் வந்தது. பாய் விரித்து, தட்டில் வெல்வெட் விரித்து, நகைகள் வந்தன. கூடவே காபி வந்தது. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர், அண்ணாச்சிக்கும் ஒரு டம்ளர். அவர் குடித்தார். பதினொன்றேகாலுக்கு இரண்டாவது கூட்டம். மறுபடி காபி. மறுபடி அவருக்கும். இப்படியே போயிற்று. ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நெருக்கமாக இருந்த வாரம். கடை அடைக்கும்போது என் நோட்டில் பதினான்கு கோடுகள் இருந்தன.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் உண்டு. அண்ணாச்சியின் ரத்தம் பஞ்சாங்கம் பார்த்து ஏறி இறங்கியிருக்கிறது. நான் அறிக்கையில் எழுதிய நான்கு பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காபி போட்டவர் மணி. மயிலாப்பூர் ஹோட்டல் ஒன்றில் இருபது வருஷம் டிகாக்ஷன் இறக்கியவர். அவர் சர்க்கரை போடும் கையையே நான் உற்றுப் பார்ப்பதை அவர் ரசிக்கவில்லை.

"இன்னா சார், நம்ம கைலகீற ஸ்பூனையே மொறச்சிப் பாத்துக்கினு நிக்கிற? திருடிக்கினா போயிடுவேன்?"

"ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் போடறீங்க?"

"சாதா காபின்னா ரெண்டு. கண்ணாலத்துக்கு வந்தவங்களுக்கு மூணு. பொண்ணு கூட வந்தா அதுக்கு மேல கொஞ்சம்."

ஸ்பூனை வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரித் தராசில் அளந்தேன். தட்டையாக நிரப்பினால் நான்கு கிராம். பதினான்கு டம்ளர், டம்ளருக்கு மூன்று ஸ்பூன், நாற்பத்திரண்டு ஸ்பூன், நூற்று அறுபத்தெட்டு கிராம். மறுநாள் காலை அந்த அளவு சர்க்கரையை ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி, அண்ணாச்சியின் மேஜையில் பிரித்து வைத்தேன்.

"என்னது இது, யாருக்கு?" என்றார்.

"நேத்து நீங்க கடையில குடிச்சது."

அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"தெரியாமலா குடிக்கேன் சார்? வந்தவுக கையில டம்ளரைக் குடுத்துட்டு நான் சும்மா உக்காந்திருந்தா, 'இவன் குடிக்காததை நமக்குக் குடுக்கான்'னு நெனப்பாக. கல்யாண வீட்டுக்காரங்க கூட உக்காந்து ஒரு வாய் குடிக்கணும். எங்க அண்ணனும் இப்படித்தான் குடிச்சாரு."

இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஒரு மாநாட்டுக்காக டில்லி போயிருந்தார், திரும்பி வர நான்கு நாள் ஆகும். நான்கு நாள் காத்திருந்திருக்கலாம். ஆனால் அப்போது என் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. அண்ணாச்சி ஒருவருக்கு மட்டும் ஏன் சர்க்கரையை நிறுத்த வேண்டும்? கடைக்கு ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். எல்லாருக்குமே நிறுத்திவிட்டால்? அவரும் வந்தவர்களோடு சேர்ந்து அதே காபியைக் குடிக்கலாம், மரியாதைக்கும் பங்கமில்லை. ஒரே கல்லில் நூறு மாங்காய்.

அண்ணாச்சி தயங்கினார். "எல்லாருக்குமா? கல்யாணத்துக்கு வாரவுகளுக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் பொட்டலத்தைச் சுட்டிக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். பயந்தவரைச் சம்மதிக்க வைப்பது சுலபம். அப்படி வாங்கிய சம்மதத்தை நம்பாதீர்கள்.

அன்று மத்தியானமே ஓர் அட்டையில் என் கையால் எழுதிக் கடைக்குள் மாட்டினேன். 'தங்கள் ஆரோக்கியத்தை முன்னிட்டு இங்கு வழங்கப்படும் காபியில் சர்க்கரை சேர்ப்பதில்லை.' எழுத்துகள் ஒரே உயரத்தில் அமைந்திருந்தன. அது ஒன்றுதான் அன்று சரியாக அமைந்தது.

மறுநாள் பத்தே முக்காலுக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒன்பது பேர். கல்யாணப் பெண், அவள் அப்பா, அப்பாவின் அக்கா, சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவர், மற்ற உறவினர்கள். அப்பா வேட்டிக்கு மேல் சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். பேச்சு முழுவதையும் அவருடைய அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு அத்தை. வந்தது திருமாங்கல்யம் வாங்க.

பெட்டியைத் திறந்து தட்டில் வைத்த அதே நேரத்தில் மணி காபியோடு வந்தார். அத்தை முதல் டம்ளரை எடுத்து உயரத் தூக்கி ஒரு வாய் விட்டுக்கொண்டார். முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதென்ன, காபியா கஷாயமா?"

"இன்னா பண்றது மாமி, சக்கர போடக் கூடாதாம். இவரு சொல்லிக்கீறாரு" என்று மணி என்னைக் காட்டினார். காட்டியதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

பெண் தன் டம்ளரைப் பாதி குடித்திருந்தாள். "எனக்கு இது பிடிச்சிருக்கு அத்தை."

"நீ பேசாம இரு." அத்தை தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய் ரமணி, பாத்தியாடா? திருமாங்கல்யம் பாக்க வந்த எடத்துல முதல் வாயே கசப்பு. இன்னும் கையில எடுக்கக்கூட இல்லை."

ருசியைப் பற்றிய புகார் என்று நினைத்துத்தான் நான் எழுந்துபோனேன். அத்தை பேசியது ருசியைப் பற்றி அல்ல, சகுனத்தைப் பற்றி. எனக்கு அது உறைக்கவில்லை. புள்ளிவிவரத்தை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று நம்பினேன்.

"நல்லதுக்குத்தான் மாமி. ஒரு டம்ளர்ல பன்னிரண்டு கிராம் சர்க்கரை இருக்கு. பட்டணத்துல இப்ப நிறைய பேருக்குச் சர்க்கரை வியாதி வருது. காலில் புண் வந்தா ஆறாது, கண்ணும்..."

அத்தை இரண்டு கைகளாலும் பெண்ணின் காதுகளைப் பொத்தினார்.

"தாலி இருக்கற தட்டுக்கு முன்னாடி நின்னுண்டு வியாதி, புண்ணுன்னு பேசறாரே, இவர் யாரு? இந்தக் கடை ஆளா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எண்ணில் சொல்ல முடியாது. அத்தை எழுந்தார். அவர் எழுந்ததும் ஏழு பேர் எழுந்தார்கள். அப்பா மட்டும் குடிக்காத டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அதிகமாக உட்கார்ந்திருந்தார், பிறகு அவரும் எழுந்தார். பெட்டி மூடாமல் கிடந்தது. பக்கத்துப் பாயில் நெக்லஸ் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம், நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்புறமா வரோங்க" என்று அவர்கள் பின்னாலேயே போயிற்று.

தெரு சிறியது. செய்தி பெரியது. கால் மணி நேரத்தில் எதிர்க்கடையில் ஒரு பலகை வைத்தார்கள். 'இங்கு சர்க்கரை போட்ட காபி.' என் அட்டையைவிடப் பெரிய எழுத்து. பாத்திரக்கடைக்காரரிடமிருந்து ஆள் வந்து, தங்கள் ஆட்கள் சோதனைக்கு வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். துணிக்கடையிலிருந்து இன்னொருவர். மூன்றாமவர் உள்ளே வரவே இல்லை, வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போனார். டாக்டரம்மாவின் ஒரு வருஷ வேலை ஒரு காலைப்பொழுதில் கழன்றுகொண்டிருந்தது. கழற்றியது நான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் என் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணியைக் கூப்பிட்டார்.

"அந்த அம்மா என்னமோ சொல்லிக்கிட்டே படி இறங்கினாகளே, என்ன சொன்னாக?"

"'வாங்கோன்னு ஒரு கல்கண்டு குடுக்கக்கூட நாதியில்லாத கடை'ன்னு சொல்லிக்கினே போச்சு மொதலாளி."

"ஓடு. மளிகைக் கடையில அரைக் கிலோ கல்கண்டு வாங்கியா."

மணி ஓடினார். அண்ணாச்சி கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளித் தட்டை எடுத்தார். சந்தனம் வைக்கும் சின்னப் பேலா ஒன்றை அதன் ஓரத்தில் வைத்தார். என் கையில் ஒரு பன்னீர்ச் செம்பைத் திணித்தார். மணி வந்ததும் கல்கண்டைத் தட்டில் கொட்டிக்கொண்டு, செருப்பும் போடாமல் தெருவில் இறங்கினார். நான் செம்போடு பின்னால் ஓடினேன். தட்டில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. செம்பிலும் ஒன்று.

மயிலாப்பூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் காரணமாக இரண்டு பஸ்கள் நிற்காமலே போயிருந்தன. என் வாழ்க்கையில் பல்லவன் பஸ்ஸை நான் மனதார வாழ்த்தியது அன்று ஒரு நாள்தான்.

அண்ணாச்சி அத்தைக்கு முன்னால் தட்டை நீட்டினார். மூச்சு வாங்கியது.

"அம்மா, தப்பு என்னுது. எங்க அண்ணன் சீனி வியாதியில போனாரு. எனக்கும் வந்துருமோன்னு பயம். அந்தப் பயத்தைக் கொண்டுபோயி உங்க வீட்டுக் கல்யாணத்துல கலந்துட்டேன். ஒரு கல்கண்டு எடுத்துக்கிடணும். கடைக்கு வரலைன்னாலும் பரவால்ல, இதை மட்டும் எடுத்துக்கிடுங்க."

பழியை என்மேல் போட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. என் பெயரை அவர் சொல்லவில்லை.

அத்தை தட்டைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், அண்ணாச்சியின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துச் செம்பை ஆட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை.

"பன்னீர் எங்கே?"

"புதுச் செம்பு மாமி" என்றேன்.

பெண் சிரித்துவிட்டாள். அத்தையின் உதடும் ஒரு பக்கம் அசைந்தது. ஒரு கல்கண்டை எடுத்துப் பெண்ணின் வாயில் போட்டார். தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஒன்று, சின்னதாகப் பார்த்து எடுத்தார்கள். தட்டு என் பக்கம் வந்தபோது நானும் ஒன்றை எடுக்கப் போனேன். அத்தை என் புறங்கையில் தட்டினார்.

"கூடாது. குடுக்கறவா எடுத்துக்கப்படாது. வந்தவாளுக்குன்னா அது?"

நானும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காபி கொடுத்தால் கொடுத்தவரும் கூட உட்கார்ந்து குடிக்க வேண்டும். கல்கண்டு கொடுத்தால் கொடுத்தவர் எடுக்கக் கூடாது. நான் டப்பாவிலும் ஸ்பூனிலும் அளந்து தேடியதை அந்த அம்மாள் என் கையில் ஓர் அடி கொடுத்துச் சொல்லிவிட்டார்.

அவர்கள் கடைக்குத் திரும்பி வந்தார்கள். என் அட்டையை அதற்குள் மணி கழற்றி, திருப்பிப் போட்டு, அடுப்படியில் அதன்மேல் சூடான பாத்திரம் வைத்திருந்தார். அண்ணாச்சி தட்டும் கையுமாக வாசலிலேயே நின்று வரவேற்றார். உள்ளே அனைவருக்கும் மறுபடி காபி; கையில் தட்டு இருந்ததால் அவருக்கு மட்டும் டம்ளர் இல்லை. சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று மணி என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் சொன்னார்.

"காபியைத் தனியா வையி. சீனியைக் கிண்ணத்துல தனியா வையி. வேணுங்கிறவுக போட்டுக்கிடட்டும்."

"அப்ப என் கைக்கு இன்னா மருவாதி மொதலாளி? இருவது வர்சமா போடற கை இது" என்றார் மணி. ஆனாலும் மூடி போட்ட கிண்ணம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்.

அத்தை மூன்று ஸ்பூன் போட்டுக்கொண்டார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, நான்காவதும் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஒன்று, ஒன்றரை. சம்பந்தி வீட்டுக்காரரும் உடன் இருந்ததால், பொது இடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூச்சம். பெண் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அப்பாவும் கிண்ணத்தைத் தொடாமல் குடித்தார்.

அவர்கள் புறப்படும்போது அந்த அப்பா வேண்டுமென்றே பின்தங்கி, என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மூணு வருஷமா ஷுகர் இருக்கு சார். அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊருக்கே தெரியும். கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன். இந்த ரெண்டு வாரமா துணிக்கடை, பாத்திரக்கடைன்னு போற எடத்துல எல்லாம் மூணு ஸ்பூன் காபி. வேண்டாம்னா ஏன்னு கேப்பா. இன்னிக்குத்தான் யாரும் கேக்காம குடிச்சேன்."

அவர் போன பிறகு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையில் எழுந்து போனவர்களில், என் அட்டை யாருக்காக எழுதப்பட்டதோ அவரும் இருந்திருக்கிறார். வியாதி உள்ளவர் என்று யாரையும் காட்டிக்கொடுக்காமல் உதவுவது எப்படி என்று நான் யோசித்ததே கிடையாது.

மூன்று நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நூற்று அறுபத்தெட்டு கிராமில் ஆரம்பித்தேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி தாகத்துக்காகவா காபி குடிச்சார்?"

"இல்லை."

"அப்ப எதை அளந்தீங்க?"

நான் நோட்டைப் புரட்டினேன். "வாரத்துல ஒரு நாள் நோட்டு இல்லாம போய் உட்கார்ந்துட்டு வாங்க" என்றார். அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். முதல் இரண்டு வாரம் பாயின் கோடுகளை மனதுக்குள் எண்ணினேன். ஆனால் உட்கார்ந்தேன்.

ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளை எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த வேலையைச் செய்ய வேறொன்றை வைத்துவிட்டு எடுங்கள். உங்கள் கையேட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. பதினேழில் இதுவும் ஒன்று.

கல்கண்டுத் தட்டு ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. முதலாளியே வாசலில் நின்று 'வாங்க' என்று நீட்டும் கடை என்று பேச்சுப் பரவியது. ஒரு மாதத்தில் ஏழு கடைகளில் தட்டு வந்தது, தட்டின் பின்னாலேயே மூடி போட்ட கிண்ணமும் வந்தது. நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, போட்டி சொல்லிவிட்டது. அதே போட்டியில் எதிர்க்கடைக்காரர் கல்கண்டுக்குப் பதிலாக லட்டு வைத்தார். பெரிய அளவில் செய்கிற எந்த நல்ல காரியத்திலும் ஓர் இடத்தில் இப்படி ஒரு லட்டு முளைக்கும், மனதைத் தளரவிடாதீர்கள். முளைத்தது சின்ன லட்டு, ஆறு வாரத்தில் தானாக நின்றது. சோதனைக்கு வரமாட்டோம் என்ற கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குடை விற்ற பாத்திரக்கடைக்காரர் கடைசியாக வந்தார், அவருக்கும் பார்டர்தான்.

அடுத்த வருஷம் ஆவணியில், முகூர்த்த நாட்களின் நடுவில், அண்ணாச்சியைச் சோதித்தோம். ஆடியில் சோதித்து ஏமாற எனக்கு மனமில்லை. அந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் வந்து குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தவர், டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் சீனி தொடாதேன்னுட்டு, இப்ப நீங்களே மொத்தமா கரைச்சிக் குடுக்குதீகளே. இதுக்கு மணியே தேவலையே."

இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் வராந்தாவில் நடந்தேன். இருநூற்று நாற்பது சதுரக் கற்கள், அதில் பதினொன்று உடைந்தவை. முடிவு வந்ததும் டாக்டரம்மா சீட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார்.

"ஏறலை. கொஞ்சம் இறங்கியே இருக்கு. இந்தப் பக்கம்தான் நிக்கறீங்க."

அண்ணாச்சி சீட்டை வெகுநேரம் பார்த்தார். அதில் இருந்த இரண்டு எண்களைப் படிக்க அத்தனை நேரம் தேவையில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அப்ப முடிஞ்சிட்டுதா?"

"முடியாது. அடுத்த வருஷமும் வாங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"சரிதான். அது தெரிஞ்சா நல்லது. கடை திறக்கணும்" என்று எழுந்து போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் வந்தார். நான் ஓய்வு பெறும் வரை இருபத்திரண்டு முறை. ஓய்வு பெற்ற பிறகும், சீட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சில வருஷம் ஏறும், சில வருஷம் இறங்கும், அந்தக் கோட்டை ஒரு முறையும் தாண்டவில்லை. எண்பத்திரண்டாம் வயதில், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மகன் என் இலைக்கு அருகில் வந்து நின்று விசாரித்தார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் என் இலையில் விழுந்த பாயசத்தைப் பார்த்தார்.

"அப்பா பாவம் சார். ஒரு பாயசம், ஒரு லட்டு ஆசையா வாயில வச்சதில்ல. கல்யாணக் கூட்டம் வந்தா அஞ்சாறு மணி நேரம் தட்டைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு, ஒரு வாய் காபி குடிக்கமாட்டாரு. அம்மா சீனி டப்பாவையே எடுத்து வச்சிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அப்படியே கெடந்தாரு. கடைசியில பாத்தா, அவருக்குச் சீனி வியாதியே வரலை. எல்லாம் வீணா சார்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, மூடிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷப் பணியில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். கொடுத்தவருக்கு அது தெரியாது.